வெற்றுத் தாளில் கைநாட்டு

(கோவில்பட்டியில் நடைபெற்ற கட்சித் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தீப்பெட்டி ஆலையிலே குனிந்த தலை நிமிராமல் மாலை வரை உழைத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

மேடைக்கு வரும் வழியில் பெரியவர் ஒருவர், “தம்பி, இன்றைக்கு என்ன பேசப் போகிறாய்?” என்று கேட்டார். “இணையத்தில் நமது அந்தரங்கத்தைக் காப்பது பற்றி” என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். “அந்தரங்கம் என்பது கதவு உள்ள வீட்டுக்காரனுக்கு. என் வீட்டுக்கு இருந்தது ஒரு தட்டி. அதையும் ஆடு தின்றுவிட்டது” என்றார்.

சிரிக்கத்தக்க சொல்தான், ஆனால் சிந்தித்தால் சிரிப்பு நின்றுவிடும். மாளிகையில் வாழ்பவனுக்கு மதில் உண்டு. மதிலுக்குக் காவலாளி உண்டு. காவலாளிக்குத் துணையாக ஒரு நாய் உண்டு. அவனுடைய கணக்கைக் காக்கத் தணிக்கையாளர் இருக்கிறார்; அவனுடைய பெயரைக் காக்க வழக்கறிஞர் இருக்கிறார். ஏழைக்கு என்ன இருக்கிறது? மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில், வீட்டின் மேல் எவ்வளவு கடன் என்பது வெளியே தெரியக்கூடாது. மருத்துவர் என்ன நோய் என்று சொன்னார் என்பது ஆலைக் கணக்கருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை. எந்தச் சாதியில் எந்தப் பையனை மகள் விரும்புகிறாள் என்பது ஊருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் இந்தத் தென்சீமையிலே என்ன நடக்கும் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. செல்வன் தன் இரகசியத்தை இழந்தால் மானம் போகும். ஏழை தன் இரகசியத்தை இழந்தால் பிழைப்புப் போகும், சில வேளைகளில் உயிரே போகும். ஆகவே, தட்டி வீட்டுக்காரருக்குத்தான் தோழர்களே, அந்தரங்கம் முதலில் வேண்டும்.

பகலிலே பக்கம் பார்த்துப் பேசு, இரவிலே அதுவும் பேசாதே என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தார்கள். அவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்தவர்கள் அல்லர். நானும் கல்லூரியை நடுவழியில் விட்டு வந்தவன்தான். ஆகவே அந்தப் பாட்டிமாரின் பள்ளியிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

இந்தக் கரிசல் சீமைக்கு ஒரு பழைய கண்ணீர்க் கதை உண்டு. மழை பொய்க்கும், பருத்தி காயும், கம்பு கருகும். விதைக்கும் வழியில்லாமல், வயிற்றுக்கும் வழியில்லாமல், சம்சாரி வட்டிக் கடைக்குப் போவான். அங்கே ஒரு தாளை நீட்டுவார்கள். தாளிலே எழுத்து இராது, தொகை இராது, தேதி இராது. அடியில் மட்டும் சிறிதளவு இடம். “எல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம், இப்போது ரேகையை வை” என்பார்கள். வைத்தான்! வாங்கியது நூறு, எழுதியது ஆயிரம். நிலம் போயிற்று, மாடு போயிற்று. போகாமல் மிஞ்சியது பெருவிரலில் மை மட்டுமே.

அந்த வெற்றுத் தாள் ஒழிந்துவிட்டதா? இல்லை. உருமாறி உங்கள் சட்டைப் பையிலே உட்கார்ந்திருக்கிறது! கைப்பேசியில் புதிதாக ஒரு செயலியை ஏற்றுகிறீர்கள். “உன் தொடர்பு எண்களைப் பார்க்கலாமா? உன் படங்களைப் பார்க்கலாமா? நீ நிற்கும் இடத்தை அறியலாமா?” என்று அது கேட்கிறது. நாம் படிப்பதில்லை. படித்தாலும் புரியாத மொழியில், புரியக்கூடாது என்றே எழுதியிருக்கிறான். “ஒப்புக்கொள்கிறேன்” என்ற இடத்தில் விரலை வைக்கிறோம். வெற்றுத் தாள் அதுதான்! கைநாட்டும் அதே கைநாட்டுத்தான்!

கடன் செயலி என்ற பெயரிலே நடந்த கொடுமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மூவாயிரம் ரூபாய் அவசரம். பக்கத்து வீட்டிலே கேட்கக் கூச்சம். செயலியில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் வருகிறது. கழிவு போகக் கையில் கிடைப்பது பாதி. ஏழாம் நாள் கேட்பது முழுத்தொகையும் அதற்கு மேலும். தரத் தாமதித்தால்? கந்துவட்டிக்காரன் உன் வாசலில் வந்து நிற்பான். அவன் நிற்பது ஒரு வாசலில்தான். இவனோ உன் மாமன் வாசலில் நிற்பான், மைத்துனன் வாசலில் நிற்பான், மகள் படிக்கும் பள்ளியின் ஆசிரியை வாசலில் நிற்பான். உன் கைப்பேசியில் இருந்த எண்கள் அனைத்தும் அவன் கையில்! உன் முகத்தை வேறோர் ஆபாசப் படத்திலே ஒட்டி எல்லோருக்கும் அனுப்புவான். 2021 சனவரியில் இத்தகைய ஒரு வழக்கிலே சென்னைக் காவல்துறை சீன நாட்டவர் இருவரைப் பெங்களூரில் பிடித்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் தரும் செயலி எதுவும் வாடிக்கையாளரின் தொடர்பு எண்களையோ படங்களையோ அழைப்புப் பட்டியலையோ தொடக்கூடாது என்று விதித்தது. விதி வந்தது; வரவேற்போம். ஆனால் விதியை மதிப்பவன் அஞ்சுவான். விதிக்கு வெளியே கடை போட்டவன் அஞ்சுவானா? தொடர்பு எண்களைக் கேட்கும் கடன் செயலி எதுவானாலும் அதைத் திருடன் என்றே கொள்ளுங்கள். அதற்கு வேறு சான்று தேவையில்லை.

அண்மைக் காலத்தில் மற்றொரு தந்திரம். வாட்சப்பில் திருமண அழைப்பிதழ் வருகிறது. யார் வீட்டுத் திருமணம் என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆவல் நமக்கு! விரலை வைத்தால் அழைப்பிதழ் திறக்காது, ஏ.பி.கே. என்ற வாலுடன் வந்த ஒரு செயலி உள்ளே நுழைந்துகொள்ளும். உழவர்களுக்கு அதே பொருள் வேறு உறையில் வரும்: “பி.எம். கிசான் தவணை வந்துள்ளது, இதை ஏற்றுக” என்று. வந்தபின் உங்களுக்கு வரும் குறுஞ்செய்தியை அவன் படிப்பான். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணை உங்களுக்கு முன்னே அவன் பார்ப்பான். தீப்பெட்டி ஊருக்கு லேபிளைப் பற்றி நான் பாடம் சொல்ல வேண்டுமா? ஒரு படம் விற்பனையில் ஓங்கினால் அதைப் போலவே இன்னொரு படம் அச்சாகும். காது கொஞ்சம் நீளம், வால் கொஞ்சம் குட்டை, அவ்வளவே வேறுபாடு. அதைத் தொலைவில் நின்றே கண்டுபிடிக்கும் உங்கள் கண்ணை, கைப்பேசித் திரையின் மீதும் கொஞ்சம் ஓட்டுங்கள் என்றுதான் வேண்டுகிறேன்.

ஐப்பசி அடைமழையில் கரிசலிலே நடந்து பாருங்கள். மண் காலை விடாது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு செருப்பு கனம் ஏறும். நடந்த தடமோ, வெயில் அடித்ததும் கல்லாய் இறுகிவிடும். யார் போனார், எந்தப் பக்கம் போனார், சுமையோடு போனாரா வெறுங்கையோடு போனாரா என்பதை மாதக் கணக்கில் அந்தத் தடம் சொல்லிக்கொண்டே இருக்கும். செம்மண் மறந்துவிடும், மணல் அப்போதே மறந்துவிடும், கரிசல் மறவாது. இணையம் கரிசல் மண்ணைப் போன்றது தோழர்களே! இன்று வேடிக்கையாக ஏற்றிய படம், கோபத்திலே எழுதிய ஒரு வரி, குழந்தையின் பள்ளிச் சீருடையோடு பெருமையாகப் போட்ட புகைப்படம், எல்லாம் தடம். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. கரிசல் தடத்தை அடுத்த மழை அழிக்கும். அங்கே மழையே கிடையாது.

நாம் விழிப்பாயிருந்தால் போதுமா என்றால், போதாது. நம்முடைய விவரம் நம்மிடம் மட்டுமா இருக்கிறது? குடும்ப அட்டைக்குக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். 2021 சூன் மாதத்தில், தமிழகப் பொது விநியோகத் திட்டத்தோடு தொடர்புடைய ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண் உள்பட, இணையத்தின் இருட்டுச் சந்தையிலே கிடந்தன என்று ஒரு கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசிக்குக் கொடுத்தோம். 2023 சூன் மாதத்தில் கைப்பேசி எண்ணைத் தட்டினால் ஊசி போட்டவரின் அடையாள அட்டை எண்ணைச் சொல்லும் ஒரு கருவி டெலிகிராமிலே உலவியது. அரசின் கோவின் தளம் உடைபடவில்லை என்று அமைச்சகம் சொன்னது. பிறகு பீகாரிலே ஆள் பிடித்தார்கள். சரி, காவல்துறையிடமாவது பத்திரமாக இருக்குமா? குற்றவாளியின் முகத்தைக் கண்டுபிடிக்கத் தமிழகக் காவல்துறை வைத்திருந்த முக அடையாளத் தளத்துக்குள்ளேயே 2024 மே மாதத்தில் எவனோ புகுந்துவிட்டான்! திருடனின் முகத்தைப் பூட்டி வைத்த பெட்டியைத் திருடனே திறந்தான் என்று நாடகத்திலே எழுதினால், மிகைப்படுத்துகிறேன் என்று விமரிசகர் சொல்வார்.

கைநாட்டைப் பற்றிப் பேசினேன் அல்லவா? 2018இல் தெலங்கானாவில் நடந்ததைக் கேளுங்கள். சிம் அட்டை விற்கும் ஒருவருக்கு, மாதத்துக்கு இத்தனை விற்க வேண்டும் என்று நெருக்கடி. அவர் என்ன செய்தார்? நிலப் பதிவுத் துறையின் இணையத் தளத்திலே, விற்றவர் வாங்கியவரின் பத்திரங்கள் ரேகையோடு கிடந்தன. அவற்றை இறக்கி, ரேகையைப் படியெடுத்து, ரப்பரிலே விரல் செய்து, அந்தப் பெயர்களில் சிம் அட்டைகளை இயக்கிவிட்டார். நிலத்தை விற்ற நாளில் வைத்த ரேகை, வைத்தவருக்குத் தெரியாமலே வேறோர் ஊரில் வேலை செய்தது! கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். பூட்டு கெட்டால் புதிது வாங்கலாம். விரல் களவு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது? தீப்பெட்டி ஒட்டி ஒட்டி ரேகை தேய்ந்த என் தாய்மாருக்கு, ரேஷன் கடைக் கருவி “நீ நீ அல்ல” என்கிறது. ரப்பர் விரலைப் பார்த்து “வருக” என்கிறது. என்னே அறிவியலின் நீதி!

ஆதார் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி அந்த ஆணையத்தின் தளத்திலேயே இருக்கிறது. வேண்டும்போது திறந்து, வேலை முடிந்ததும் பூட்டிக்கொள்ளலாம். எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த அட்டையும் அங்கே கிடைக்கும். விடுதிக்காரருக்கும் கடைக்காரருக்கும் அதைக் கொடுங்கள். நகல் கொடுத்தே ஆக வேண்டுமானால், எதற்காக, எந்தத் தேதியில் என்று நகலின் குறுக்கே எழுதிக் கையொப்பம் இட்டுக் கொடுங்கள். வெற்றுத் தாளாகக் கொடுக்காதீர்கள்.

நான் நாடகம் எழுதுகிறவன். ஆகவே, நாட்டிலே இப்போது அமோகமாக நடந்துகொண்டிருக்கும் ஒரு நாடகத்தைப் பற்றி, தொழில் முறையிலே இரண்டு சொல் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்த நாடகத்தின் பெயர் டிஜிட்டல் கைது.

முதற் காட்சி: கூரியர் நிறுவனத்திலிருந்து அழைப்பு. “உங்கள் பெயரில் ஒரு பொட்டலம், உள்ளே போதைப் பொருள்.” இரண்டாம் காட்சி: காணொலியில் காக்கிச் சட்டை. பின்னால் அசோகச் சின்னம், தேசத் தலைவர் படம், மேசை மேல் ஒரு கொடி. எங்கள் குழு வாடகைக்கு எடுக்கும் காக்கிச் சட்டையைவிட அவர்களது சட்டை நன்றாகத் தைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் காட்சி: “யாரிடமும் சொல்லாதே. கதவைச் சாத்து. காமிராவை அணைக்காதே.” இங்கேதான் ஆசிரியனின் திறமை! பார்வையாளனைத் தனிமைப்படுத்திவிட்டால், அட்டைக் கத்தியும் உண்மைக் கத்தியாகிவிடும். நாலு பேர் கூட இருந்தால் அந்த நாடகம் ஒரு நிமிடம் நிற்காது; ஒரு பொடியன் சிரித்தாலே திரை விழுந்துவிடும். இறுதிக் காட்சியில் நீதிமன்றம் வரும்; நீதியரசரும் வருவார்; “உன் பணம் முழுவதையும் சோதனைக்கு அனுப்பு, குற்றமற்றவன் என்றால் திரும்பும்” என்பார். திரும்பாது.

படிப்பறியாதவர்கள்தாம் ஏமாறுகிறார்கள் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் கரிசலின் பருத்தி போய்ச் சேருகிற நூற்பாலை உலகத்தின் பெரும்புள்ளி, பஞ்சாபின் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால். எண்பது வயதைக் கடந்தவர், உலகம் சுற்றியவர். 2024இல் அவருக்கு உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியின் பெயரிலே போலி விசாரணையே நடத்தி, 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். அவர் அதை மறைக்காமல் வெளியே சொன்னார். அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். ஏமாந்தவன் வெட்கப்பட்டு வாயை மூடினால், ஏமாற்றியவன் அடுத்த வீட்டுக்குப் போவான். 2024 என்ற ஓராண்டில் இந்தியாவில் இணையக் களவில் போன தொகை 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் 7,465 கோடி.

இந்த நாட்டின் சட்டத்தில் காணொலிக் கைது என்று ஒன்று கிடையாது. கைது செய்ய வருபவன் வாசலுக்கு வருவான், பெயரைச் சொல்வான், காரணத்தைச் சொல்வான், உறவினருக்குத் தெரிவிப்பான். வாட்சப்பிலே வரமாட்டான். அதுபோல, பணம் உங்களுக்கு வருவதற்கு உங்களுடைய யு.பி.ஐ. இரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணைத் தட்டினால் பணம் போகும், வராது. இதை மட்டும் தாய்மார்கள் நினைவில் வைத்துக்கொண்டால், பாதிக் களவு இந்த வட்டாரத்தில் நின்றுவிடும். ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். அழுவது பிறகு, அழைப்பது முதலில். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். தாவி முடிப்பதற்குள் பிடித்தால் முடக்கலாம்.

அந்தக் கணக்குகள் யாருடையவை என்று எண்ணுகிறீர்கள்? கொள்ளையர் தம் பெயரில் கணக்கு வைத்திருப்பதில்லை. வேலையற்ற இளைஞனிடம், “உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, ஐயாயிரம் தருகிறேன்” என்று வாங்குகிறார்கள். ஐயாயிரத்துக்கு ஆசைப்பட்ட தம்பி, யாரோ ஒரு மாநிலத்துக் காவலர் வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் தன் பெயரில் எத்தனை இலட்சம் ஓடியது என்று அறிகிறான். இன்னொரு கொடுமையும் உண்டு. தொலைபேசியில் நம்மை ஏமாற்றுகிற குரலே சில வேளைகளில் ஓர் அடிமையின் குரல். கணினி வேலை என்று ஆசை காட்டி அழைத்துப்போய், மியான்மரின் மியாவாடிப் பக்கத்தில் அடைத்துவைத்து, இணையத்தில் ஏமாற்று என்று அடித்து வேலை வாங்கினார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் சென்னைக்கு வந்து இறங்கினர். வேலை இல்லாத ஊரில் வளர்ந்த பிள்ளைகள், வேலை என்ற ஒரே சொல்லில் விழுந்தார்கள்! வெளிநாட்டு வேலை என்று யாரேனும் உங்கள் பிள்ளையைக் கேட்டால், அந்த முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

இனி நான் சொல்லப் போவதைத் தந்தைமார்கள் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். பொள்ளாச்சியை நாடு மறக்கவில்லை. பழகுவதுபோல் நடித்து, பெண்களைக் கொண்டுபோய், கொடுமை இழைத்து, அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தையே சங்கிலியாக்கி மிரட்டினார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். கொடுத்தவருக்குக் கிடைத்தது என்ன? மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர் முன்னிலையில் அவரது பெயரைச் சொன்னார். அரசின் ஆணையிலும் பெயர் அச்சாயிற்று. அந்தத் தவற்றுக்காக அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று மதுரை உயர்நீதிமன்றக் கிளை அதே ஆண்டு மார்ச்சில் ஆணையிட்டது. 2025 மே 13ஆம் நாள், கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. ஆறாண்டுகள், தோழர்களே! அந்த ஆறாண்டுகளும் அந்தப் பெண்கள் தாங்கி நின்றதால்தான் இந்தத் தீர்ப்பு.

அவர்கள் ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்கிறவர்கள் உண்டு. சொன்னால் வீட்டிலே என்ன சொல்வார்கள் என்ற அச்சம்! மிரட்டுகிறவனின் உண்மையான ஆயுதம் படம் அன்று. “உன் அப்பனிடம் சொல்லிவிடுவேன்” என்ற ஒரு வரிதான். அந்த ஆயுதத்தை அவன் கையிலிருந்து பிடுங்க உங்களால்தான் முடியும். இன்று இரவே வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்லுங்கள்: “எவனாவது உன்னை மிரட்டினால் முதலில் என்னிடம் சொல். உன்னை ஒரு சொல் கேட்கமாட்டேன்.” மகனிடமும் சொல்லுங்கள், அவர்களும் மிரட்டப்படுகிறார்கள். அத்தோடு, பிறருடைய அந்தரங்கப் படம் உன் கைப்பேசிக்கு வந்தால், அதை மற்றவனுக்குத் தள்ளிவிடுகிறவனும் குற்றவாளியே என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். 2025 சூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் இணையத்தில் பரவியபோது, 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. வழக்கறிஞருக்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது என்றால், விளாத்திகுளத்துப் பெண் என்ன செய்வாள் என்று எண்ணிப் பாருங்கள். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவன் அனுப்பியதை அழித்துவிடாதீர்கள், அதுவே சான்று. 1930ஐ அழையுங்கள், இணையக் குற்றக் காவல் பிரிவுக்குப் போங்கள், கூடவே ஒரு பெண் தோழரை அழைத்துப் போங்கள்.

அந்தரங்கம் உரிமைதானா என்று கேட்டுக் கேட்டே இந்த நாடு பல ஆண்டுகளை ஓட்டியிருக்கிறது. இங்கிருந்து ஒரு பேருந்து ஏறினால் எட்டயபுரம். அந்த மண்ணின் மகன் பாரதி, 1908 முதல் 1918 வரை புதுவையில் இருந்தபோது, வாசலிலே ஒற்றன், தெருமுனையிலே ஒற்றன், அஞ்சலிலே வரும் கடிதம் ஒற்றனைக் கடந்து வர வேண்டும். 1911இல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்ட பிறகு அந்தக் கண்காணிப்பு இன்னும் கடுமையாயிற்று. வெள்ளையன் 1898இல் எழுதிய அஞ்சல் சட்டம் கடிதத்தைத் தடுத்து நிறுத்த அதிகாரம் தந்தது. வெள்ளையன் போனான். 2023இல் புதிய அஞ்சல் சட்டம் வந்தது. அந்த அதிகாரம் போகவில்லை. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறது.

1962இல் உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங் வழக்கு. நள்ளிரவிலே காவலர் வந்து கதவைத் தட்டலாமா என்பது கேள்வி. தட்டக்கூடாது என்றது உச்சநீதிமன்றம்; ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை அன்று என்றும் பெரும்பான்மை சொன்னது. நீதியரசர் சுப்பாராவ் மட்டும், இன்னொருவர் துணையோடு, உரிமைதான் என்று மாறுபட்டு எழுதினார். சிறுபான்மையின் குரல்! 1994இல் நம் தமிழ்நாட்டு வழக்கு, நக்கீரன் ஆசிரியர் தொடுத்தது. சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடலாமா என்ற வழக்கிலே, தன்னைத் தனியே விட்டுவிடு என்று சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றது நீதிமன்றம். அதே மூச்சில், அரசு அலுவலர் தம் கடமையில் செய்ததை மறைக்க இந்த உரிமையைக் கேடயமாக்க முடியாது என்றும் சொன்னது. எளியவனுக்குத் திரை, அதிகாரிக்கு வெளிச்சம். எவ்வளவு செம்மையான பிரிவினை! 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதியரசர்கள் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சிறுபான்மையாக ஒலித்தது அன்று சட்டமாயிற்று.

பிறகு 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவலைக் கசியவிடும் நிறுவனத்துக்கு 250 கோடி வரை தண்டம் உண்டு என்கிறது. நன்று. ஆனால் அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் தகவல் என்று காரணம் சொல்லி மறுப்பதற்கு வழியை அகலமாக்கிவிட்டது. குடிமகனின் வீட்டுக்குக் கூரை கேட்டோம். அதிகாரியின் மேசைக்குப் போர்வை தந்திருக்கிறார்கள். 1994இன் அந்தப் பிரிவினை தலைகீழாகிறது! இதை எதிர்த்து நாம் பேசியே ஆக வேண்டும்.

எதிர்த்துப் பேசுவதற்கு நமக்குத் தகுதி வேண்டும் அல்லவா? இப்போது தோழர்களிடம் வருகிறேன். வாயில்தோறும் போய் உறுப்பினர் சேர்க்கிறவர்கள் நீங்கள். 2021 தேர்தலின்போது புதுச்சேரியில், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண்களுக்கே பாரதிய ஜனதா கட்சியின் வாட்சப் குழு அழைப்பு வருகிறது என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. எங்கள் தொண்டர் வீடு வீடாகத் திரட்டிய எண்கள் என்றது கட்சி. எம்மிடமிருந்து போகவில்லை என்றது ஆதார் ஆணையம். சென்னை உயர்நீதிமன்றம் கேள்விகளை எழுப்பியது. 2025 சூலையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் உறுப்பினர் சேர்க்கையில் மக்களிடம் ஓ.டி.பி. பெறுவதற்கு மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது, உச்சநீதிமன்றமும் தலையிடவில்லை. எந்தக் கட்சி சரி, எந்தக் கட்சி தவறு என்று வழக்காட நான் இங்கு வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். வங்கி, காவல்துறை, அரசு எல்லாம் நாள்தோறும் “ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே” என்று தொண்டை கிழியக் கத்துகின்றன. சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து ஒருவர் கேட்டால் சொல்லலாம் என்று அந்தப் பாட்டியைப் பழக்கிவிட்டால், மறுநாள் அதே சின்னத்தைக் குத்திக்கொண்டு திருடன் வரமாட்டானா? சின்னம் கடையிலே பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ஆகவே, இந்த ஒன்றியத்துத் தோழர்கள் பெயரும் முகவரியும் கையொப்பமும் பெறுங்கள். தொலைபேசி எண்ணை அவராக மனமுவந்து கொடுத்தால் எழுதுங்கள். ஆதார் எண்ணைக் கேட்காதீர்கள். வீட்டில் யார் யார் என்ன நோயில் இருக்கிறார், எவ்வளவு கடன், எந்தச் சாதி என்பதை எழுதாதீர்கள். காதில் விழுந்தாலும் எழுதாதீர்கள். பதிவேட்டைப் படம் பிடித்து வாட்சப் குழுவிலே போடாதீர்கள். ஒரு தோழர் அப்படிப் போட்டிருந்ததைப் பார்த்தேன்; இருநூறு குடும்பத்தின் எண்கள்! ஆர்வம்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தக் குழுவிலே இருக்கும் இருநூற்று ஐம்பது பேரையும் அவருக்குத் தெரியுமா? தேர்தல் முடிந்ததும் பதிவேடு ஒன்றியச் செயலாளர் அலுவலகப் பேழைக்குள் போக வேண்டும். தேநீர்க் கடை மேசையில் கிடக்கக்கூடாது.

கூட்டம் முடிந்ததும், வாயிலின் அருகே நம் தோழர்கள் இருவர் மேசை போட்டு அமர்ந்திருப்பார்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் ஓடுகின்றன என்பதைச் சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்திலே பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். 2025 நவம்பர் இறுதியில் அதன் செயலியை எல்லாப் புதுக் கைப்பேசிகளிலும் கட்டாயமாக ஏற்ற ஆணையிட்டார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழவே சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். கட்டாயத்தை எதிர்த்தோம், தளத்தைப் பயன்படுத்துவோம், அதிலே முரண்பாடு இல்லை. வாட்சப்புக்கு இரட்டைப் பூட்டு வைப்பதையும் தோழர்கள் சொல்லித் தருவார்கள். தாய்மார்கள் முதலில் போங்கள், பேருந்துக்கு நேரமாகிவிடும். கைப்பேசியை அந்தத் தோழர்கள் கையிலும் கொடுக்க வேண்டாம். நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று அவர்கள் வாயால் சொல்வார்கள்.